இயற்பியல் ஆய்வகத்தில் மக்கள் தொடர்பு வேலை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன் என்று சொன்னால், பாதிப் பேர் "ஓ, விஞ்ஞானியா?" என்கிறார்கள். மீதிப் பேர் "ரிசப்ஷனா?" என்கிறார்கள். கல்லூரிகளில் பேசப் போன இடத்திலும், வாட்ஸ்அப்பிலும், ஒரு கல்யாணப் பந்தியிலும் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஜெனீவா அருகில் இருக்கும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தையும் நம் தேனி நியூட்ரினோ திட்டத்தையும் பற்றியவை. என் சொந்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

இந்த வேலையில் இருப்பவர் என்னதான் செய்வார்?

ஆய்வகத்துக்குள் நடப்பதை வெளியே சொல்வார். வெளியே இருப்பவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பார். இரண்டாவது வேலை பலருக்கு நினைவே இருப்பதில்லை.

செர்ன் கட்டப்படுவதற்கு முன்பே அதன் மக்கள் தொடர்பு தொடங்கிவிட்டது. 1953 ஜூனில் ஜெனீவா மாநில மக்களிடம் "இப்படி ஓர் ஆய்வகம் நம் ஊரில் வரலாமா?" என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். அணுகுண்டு விழுந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். ஆய்வகத்தின் பெயரிலேயே 'அணுக்கரு' இருந்தது. 16,539 பேர் ஆதரித்தார்கள், 7,332 பேர் எதிர்த்தார்கள். ராணுவத் தேவைக்கான ஆராய்ச்சியில் ஈடுபடாது, முடிவுகளை எல்லாருக்கும் வெளியிடும் என்று அந்த அமைப்பின் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். எந்த விளம்பரத்தையும்விட அந்த ஒரு வரிதான் இன்றுவரை அவர்களுக்குக் கைகொடுக்கிறது.

நம் ஊரில் அன்றாடம் நடப்பது இதைவிடச் சாதாரணம். செய்திக் குறிப்பு எழுதுவது, ஆண்டறிக்கையை அச்சுக்கு அனுப்புவது, இணையதளத்தில் போன வருடத்துக் கருத்தரங்கு இன்னும் 'விரைவில்' என்று இருப்பதை நீக்குவது, பள்ளிக் குழந்தைகளைச் சுற்றிக் காட்டுவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த மனுவை உரிய ஆளிடம் தள்ளிவிட்டுப் பின்னாலேயே போய் நினைவூட்டுவது. அமைச்சர் வந்தால் குத்துவிளக்குக்குத் திரி போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். ஏசி அரங்கில் விளக்கு அணைந்துவிடும் என்பதால் மேடைக்கு மேலே இருக்கும் காற்றுத் திறப்பை முதல் நாளே அடைக்கச் சொல்ல வேண்டும். இதை எந்தப் படிப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இயற்பியல் படித்திருக்க வேண்டுமா?

படித்திருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. 2012-ல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டுபிடித்த அறிவிப்பு வந்த காலத்தில் செர்ன் தகவல் தொடர்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் கில்லீஸ் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதே துறையில் இதழியல், மொழி, வடிவமைப்பு என்று வந்தவர்களும் நன்றாக வேலை செய்கிறார்கள்.

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. தெரியாதவருக்கு எது தெரியாது என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். படிக்காதவர்களுக்கு வேறு சிக்கல். பேராசிரியர் சொன்னதை அப்படியே நம்பிவிடுவார்கள். "இது உலகிலேயே முதல் முறையா? யார் சரிபார்த்தது?" என்று கேட்கும் துணிச்சல் வர இரண்டு வருடம் ஆகும்.

ஒரு செய்திக் குறிப்பு எப்படி உருவாகிறது?

ஒரு சண்டையில் இருந்து. பிரபஞ்சத்தில் இருக்கிறது என்று நம்பினாலும் யாரும் இன்னும் நேரடியாகக் கண்டறியாத இருள்பொருளைத் தேடும் சோதனை ஒன்றைப் பற்றி ஒரு பேராசிரியருடன் நடந்த பேச்சு இது:

"சார், கிடைச்சுதா, கிடைக்கலையா?"

"கிடைக்கலைன்னு சொல்ல முடியாதும்மா. இந்த அளவுக்கு மேல இருக்க வாய்ப்பில்லைன்னு சொல்லலாம்."

"அப்ப கிடைக்கலை."

"ஐயையோ, அப்படி எழுதிடாதீங்க."

அவர் பயப்படுவதும் நியாயம்தான். இயற்பியல் சோதனைகளில் கணிசமானவை 'இங்கே இல்லை' என்றுதான் முடிகின்றன. அது தோல்வி அல்ல. வீட்டுச் சாவி தொலைந்தால் ஹால் முழுக்கத் தேடி, இங்கே இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த அறைக்குப் போகிறோம். ஆனால் 'இந்த அறையில் இல்லை' என்பதை யார் செய்தியாகப் போடுவார்கள்? கடைசியில் நாங்கள் வைத்த தலைப்பு 'இருள்பொருள் தேடல்: இன்னோர் அறை முடிந்தது'. ஒரே ஒரு நாளிதழ் போட்டது, அதுவும் எட்டாம் பக்கத்தில். எனக்கு அந்தக் குறிப்பு இன்றும் பிடிக்கும்.

வரைவு தயாரானதும் ஆய்வுக்குழு பார்க்கும், இயக்குநர் பார்ப்பார், வேறு நிறுவனங்களும் சேர்ந்த ஆய்வு என்றால் அவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு நிறுவனப் பெயரைச் சேர்ப்பார்கள். முதல் பத்தி முழுக்கப் பெயர்களாக மாறிவிடும். அவற்றைக் கடைசிப் பத்திக்குத் தள்ளுவதில்தான் என் வாரத்தின் பாதி போகிறது.

பத்திரிகைகள்தான் மிகைப்படுத்துகின்றன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்களே?

முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். 2014-ல் பிரிட்டனில் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 மருத்துவச் செய்திக் குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செய்தியில் இருந்த மிகையில் பெரும்பகுதி செய்திக் குறிப்பிலேயே இருந்தது. அது மருத்துவத் துறை, ஆனால் எங்கள் துறைக்கும் அச்சாகப் பொருந்தும். நிருபருக்கு மாலை ஐந்து மணிக்குள் நான்கு செய்தி கொடுக்க வேண்டும். நாம் 'புரட்சி' என்று எழுதி அனுப்பினால் அவர் ஏன் அந்தச் சொல்லை நீக்கப் போகிறார்?

'ஐந்து சிக்மா' என்றால் என்ன? அதை மக்களிடம் எப்படிச் சொல்வது?

இந்த வேலையின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன். என்ன தெரியும் என்பதோடு, எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிடைத்த முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு குறைவான வாய்ப்பு என்பதை அளக்கும் அலகுதான் சிக்மா. துகள் இயற்பியலில் மூன்று சிக்மா வந்தால் 'சான்று' என்பார்கள். ஐந்து வந்தால்தான் 'கண்டுபிடிப்பு'. ஐந்து சிக்மா என்றால், புதிய துகள் எதுவுமே இல்லாமல் தற்செயலாக மட்டும் இவ்வளவு பெரிய ஏற்றம் தெரிவதற்கு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. பூவா தலையா போட்டு, தொடர்ந்து 22 தடவை தலையே விழுந்த மாதிரி. அப்போது நாணயத்தை வாங்கித் திருப்பிப் பார்ப்போம் இல்லையா, அதுதான்.

இதை 'துகள் இருப்பது 99.9999 சதவீதம் உறுதி' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நாணயம் கள்ள நாணயமாக இருக்கலாம், சுண்டியவர் கை வித்தைக்காரராக இருக்கலாம், எண்ணியவர் தூங்கியிருக்கலாம். கருவியில் கோளாறு இருந்தால் ஆறு சிக்மாவும் வரும்.

2015 டிசம்பரில் செர்னின் இரண்டு பெரிய சோதனைகளிலும், 750 ஜிஇவி என்ற ஆற்றல் அளவில், புதிய துகளோ என்று தோன்றும்படி வரைபடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. கண்டுபிடிப்பு என்று செர்ன் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனாலும் அதை விளக்கிக் கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதித் தள்ளினார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேடு காணாமல் போனது. செர்ன் செய்திப் பிரிவுக்கு அன்று வருத்தம் தெரிவிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை.

'கடவுள் துகள்' என்று எழுதலாமா?

நான் எழுத மாட்டேன். அது 1993-ல் வந்த ஓர் ஆங்கில நூலின் தலைப்பில் இருந்து கிளம்பிய பெயர். அந்தத் துகளை முன்கூட்டியே கணித்தவர்களில் ஒருவரான பீட்டர் ஹிக்ஸுக்கே அது பிடித்ததில்லை. ஆனால் 2012 ஜூலை 4 அன்று தமிழ்நாட்டு டீக்கடைகளில் துகள் இயற்பியலைப் பேச வைத்தது அந்தப் பெயர்தான் என்பதையும் மறுக்க முடியாது. நிருபர் கேட்டால் 'ஹிக்ஸ் போசான்' என்று சொல்வேன், 'போசான்' என்பதில் இருப்பது நம் சத்யேந்திரநாத் போஸின் பெயர் என்று கூடவே சொல்வேன். பெரும்பாலும் கடவுளை விட்டுவிட்டு போஸைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்றைய நாளில் இன்னொரு பாடமும் உண்டு. அறிவிப்புக்கு முதல் நாளே, புதிய துகளைப் பார்த்துவிட்டோம் என்று ஒரு சோதனைக் குழுவின் தலைவர் பேசும் வீடியோ செர்ன் இணையதளத்தில் தவறுதலாக வெளியே தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய இடத்திலும் நடக்கிறது. அறிவிப்பில் ஒரு குழு காட்டிய ஸ்லைடுகள் காமிக் சான்ஸ் என்ற விளையாட்டுத்தனமான எழுத்துருவில் இருந்தன. உலகம் அரை நாள் அதைப் பற்றியும் பேசியது.

அறிவித்த பிறகு தவறு என்று தெரிந்தால்?

2011 செப்டம்பரில் ஓபரா என்ற சோதனைக் குழு, செர்னில் இருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகம் வரை சுமார் 730 கிலோமீட்டர் தூரம் போன, எதனோடும் அநேகமாக மோதாத நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்து சேர்ந்தன என்று அறிவித்தது. "எங்களுக்கே நம்ப முடியவில்லை, தவறு இருந்தால் கண்டுபிடியுங்கள்" என்ற தொனியில்தான் சொன்னார்கள். சில மாதங்களில் தவறு பிடிபட்டது. ஓர் ஒளியிழைக் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை. 2012 மார்ச்சில் குழுவின் தலைமைப் பேச்சாளரும் ஆய்வு ஒருங்கிணைப்பாளரும் பதவி விலகினார்கள்.

அறிவித்தது தப்பா? என்னைக் கேட்டால் இல்லை. வதந்தி ஏற்கெனவே வெளியே போயிருந்தது, மூடிவைத்திருந்தால் இன்னும் கேவலமாகியிருக்கும். உண்மையில் மானம் போனது வேறொரு இடத்தில். அந்த முடிவைப் பாராட்டி இத்தாலியக் கல்வி அமைச்சகம் அவசரமாக ஒரு செய்திக் குறிப்பு விட்டது. செர்னுக்கும் கிரான் சாஸோவுக்கும் இடையிலான சுரங்கப்பாதை கட்ட இத்தாலி சுமார் 4.5 கோடி யூரோ கொடுத்திருக்கிறது என்று அதில் இருந்தது. நியூட்ரினோவுக்குச் சுரங்கப்பாதை எதற்கு? அது பாறைக்குள்ளேயே போகும். 730 கிலோமீட்டர் சுரங்கத்தை வைத்து இத்தாலி முழுக்கச் சிரித்தது. அமைச்சரின் செய்தித் தொடர்பாளர் பதவியை விட்டார். புதிதாகச் சேர்பவர்களிடம் நான் முதலில் சொல்லும் கதை இது. பாராட்டுக் குறிப்பாகவே இருந்தாலும் விஷயம் தெரிந்த ஒருவர் பார்க்காமல் வெளியே போகக்கூடாது.

மாறாக, 2014 மார்ச்சில் பைசெப்-2 என்ற தென் துருவத் தொலைநோக்கியின் குழு பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் உண்டான ஈர்ப்பு அலைகளின் தடயம் கிடைத்தது என்று பெரிய பிரஸ் மீட் வைத்தது. பிரபஞ்சம் தொடக்கத்தில் கண நேரத்தில் மிக வேகமாக விரிந்தது என்ற கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆந்த்ரே லிண்டே வீட்டுக் கதவைத் தட்டி, சேதி சொல்லி, ஷாம்பெயின் திறக்கும் வீடியோவும் வந்தது. அழகான வீடியோ. நானே நாலு தடவை பார்த்தேன். பிறகு அந்தச் சமிக்ஞையை நம் விண்மீன் மண்டலத்தின் தூசியே தந்திருக்க முடியும் என்று பிளாங்க் விண்கலத் தரவு காட்டியது. அந்த வீடியோவை எடுத்தவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேனா? எடுத்திருப்பேன். சக ஆய்வாளர்கள் கட்டுரையைச் சரிபார்த்து முடிக்கும்வரை வெளியிடாமல் வைத்திருப்பேன் என்று சொல்ல ஆசை.

இவ்வளவு பேர் சேர்ந்து செய்யும் ஆய்வில் ரகசியம் எப்படி நிற்கிறது?

முழுசாக நிற்பதில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. அறிவித்தது 2016 பிப்ரவரி 11 அன்று. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டே வாரத்தில் ட்விட்டரில் வதந்தி வந்துவிட்டது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காகத் தரவுக்குள் பொய்ச் சமிக்ஞையை ரகசியமாகப் புகுத்தும் வழக்கம் அங்கே உண்டு. 2010-ல் அப்படி ஒன்று வந்தபோது, குழு கட்டுரை வரை எழுதி முடித்த பிறகு உறையைப் பிரித்து "இது நாங்கள் போட்டது" என்றார்கள். அதனால் 2015-ல் வதந்தி கேட்டவர்களிடம் "சோதனைச் சமிக்ஞையாகவும் இருக்கலாமே" என்று சொல்ல முடிந்தது.

பிப்ரவரி 11 அறிவிப்பு வந்து ஆறே நாளில், 17-ஆம் தேதி, இந்தியாவில் லைகோ அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. நல்ல செய்தியைச் சரியான நேரத்தில் சொன்னால் கோப்பு நகரும். முழு ஒப்புதல் 2023-ல்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

'உலகம் அழியுமா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"அழியாது" என்பேன். ஒரே சொல்லில்.

2008-ல் செர்னின் 27 கிலோமீட்டர் வட்டப்பாதையில் துகள் மோதல் எந்திரம் ஓடத் தயாரானபோது, கருந்துளை உண்டாகிப் பூமியை விழுங்கும் என்று பயம் கிளம்பியது. அமெரிக்காவில் வழக்குகூடப் போட்டார்கள். நம் தொலைக்காட்சிகளிலும் இரவு பகலாக ஓடியது. செப்டம்பர் 10 நெருங்கிய நாட்களில், மத்தியப் பிரதேசத்தில் இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பயந்துபோன பதின்ம வயதுப் பெண் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. அதன் பிறகு இந்தக் கேள்வியை என்னால் சிரித்துக்கொண்டு எதிர்கொள்ள முடிந்ததில்லை.

இயற்பியலாளரிடம் கேட்டால் முதலில் வாயில் வருவது, "நிகழ்தகவு மிக மிகக் குறைவு." அவர் மொழியில் அது 'நடக்காது' என்பதற்குச் சமம். வீட்டில் குழந்தையோடு டிவி பார்ப்பவருக்கு அது 'நடக்கலாம்' என்று கேட்கிறது. எவ்வளவு உறுதி என்று அளந்து சொல்ல வேண்டும் என்று மேலே எழுதினேன். அந்த அளவு, கேட்பவர் காதில் போய் என்னவாக மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்லலாம். இதைவிட அதிக ஆற்றலோடு விண்வெளியில் இருந்து வரும் துகள்களான அண்டக்கதிர்கள் 450 கோடி ஆண்டுகளாகப் பூமியிலும் நிலாவிலும் வந்து மோதிக்கொண்டே இருக்கின்றன, இரண்டும் அப்படியே இருக்கின்றன. முதலில் "அழியாது", அப்புறம் அண்டக்கதிர். வரிசை மாறக்கூடாது.

தேனி நியூட்ரினோ திட்டத்தில் மக்கள் தொடர்பு எங்கே சறுக்கியது?

திட்டம் வரவேண்டுமா, வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கச் சுரங்கம், 1965-ல். அந்த மரபைத் தொடர, ஒரு மலைக்குள் 50 ஆயிரம் டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை வைப்பது திட்டம். முதலில் பார்த்த நீலகிரி சிங்காரா, புலிகள் காப்பகத்தின் அருகில் இருந்ததால் 2009-ல் கைவிடப்பட்டது. அடுத்துத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலை. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். எதிர்ப்பு, நீதிமன்றம், கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா அருகில் இருப்பதால் 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018-ல் மறுபடி அனுமதி, 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு அனுமதிக்க முடியாது என்று சொன்ன பிரமாணப் பத்திரம் என்று இழுத்தது.

விஞ்ஞானிகள் ஊர் ஊராகப் போய் விளக்கத்தான் செய்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஆனால் அவர்கள் விளக்கியது நியூட்ரினோவை. நம் உடம்பு வழியாக விநாடிக்குக் கோடி கோடி நியூட்ரினோக்கள் போகின்றன, ஒன்றும் செய்வதில்லை என்பதை. அது முழுக்க உண்மை. ஊரில் கேட்டது பெரும்பாலும் வேறு. வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும்? மலையில் ஆடு மாடு மேய்க்கலாமா? தோண்டும் பாறையை எங்கே கொட்டுவீர்கள்? தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? பக்கத்தில் அணைகள் இருக்கின்றனவே?

இந்தக் கேள்விகளுக்குத் துகள் இயற்பியலாளர் பதில் சொல்ல முடியாது. அங்கே முதலில் பேச வேண்டியவர் பாறைப் பொறியாளரும் நிலத்தடி நீர் பார்ப்பவரும். கேட்ட கேள்விக்குப் பதில் வராதபோது, கேட்காத கேள்விக்குப் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அந்தச் சந்தேகத்துக்குள் 'அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள்' என்ற வதந்தி எளிதாக நுழைந்துகொண்டது. அணுசக்தித் துறைப் பணம், கூடங்குளப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். அப்புறம் எதைச் சொன்னாலும் எடுபடவில்லை.

இன்னொன்று. இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு போய் விளக்குவதற்கும், தேர்ந்தெடுக்கும் முன்பு போய்க் கேட்பதற்கும் இருக்கும் தூரம் மிக அதிகம். 1953 ஜெனீவா வாக்கெடுப்பை மேலே சொன்னது இதற்காகத்தான்.

தமிழில் எழுதுவதில் என்ன சிரமம்?

கலைச்சொல் இல்லை என்பார்கள். அது பெரிய பிரச்சினையே இல்லை. கருந்துளை, ஈர்ப்பு அலை, துகள் எல்லாம் நன்றாகவே புழங்குகின்றன. சிரமம், ஏற்கெனவே இருக்கும் சொல்லுக்குள் வேறு அர்த்தம் குடியிருப்பதில்.

'அணு' என்ற ஒரே சொல்லின் மேல்தான் அணுகுண்டு, அணு உலை, அணுக்கழிவு எல்லாம் நிற்கின்றன. 'அணுத்துகள் ஆய்வு' என்று எழுதினால் பாதி வாசகர் கல்பாக்கத்துக்குப் போய்விடுவார். அதனால் 'துகள் ஆய்வு' என்று மட்டும் எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் இதே கதைதான். மருத்துவமனை எம்ஆர்ஐ ஸ்கேனின் பழைய பெயரில் 'நியூக்ளியர்' இருந்தது, சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். 'கதிர்வீச்சு' அடுத்தது. டார்ச் லைட்டும் கதிர்வீச்சுதான், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் யாருக்கும் டார்ச் லைட் நினைவுக்கு வருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தமான வில்லன் 'பிழை'. அளவீட்டில் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதைப் பாடநூலில் 'பிழை' என்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குறிப்பில் 'முடிவில் 2 சதவீதப் பிழை உள்ளது' என்று எழுதினேன். 'ஆய்வில் தவறு: விஞ்ஞானிகள் ஒப்புதல்' என்று ஓர் ஊர்ப் பதிப்பில் தலைப்பு வந்தது. நிருபர் மேல் தப்பே இல்லை. அன்றிலிருந்து '2 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம்' என்றுதான் எழுதுகிறேன். அதே மாதத்தில் 'நியூட்ரினோ' ஓர் இடத்தில் 'நியூட்ரான்' என்று அச்சானது. அது தமிழின் குற்றமில்லை, என் கண்ணின் குற்றம்.

விபத்து, கோளாறு என்றால்?

உடனே சொல்ல வேண்டும். 2008 செப்டம்பர் 19 அன்று, எந்திரம் ஓடத் தொடங்கி ஒன்பதே நாளில், செர்னில் காந்தங்களுக்கு இடையே ஒரு மின் இணைப்பு உருகி சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களை மாற்ற வேண்டிவந்தது. ஓராண்டுக்கு மேல் நின்றது. அடுத்த நாளே அறிக்கை விட்டார்கள், பிறகு காரணத்தையும் விரிவாக வெளியிட்டார்கள். உலகமே பார்க்கத் தொடங்கி வைத்த எந்திரம் அது, எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

சில கோளாறுகள் தாமே நல்ல செய்தியாகிவிடும். 2016 ஏப்ரலில் கீரி போன்ற ஒரு மார்ட்டன் உயர் மின்னழுத்தக் கருவியில் ஏறி எந்திரத்தையே நிறுத்தியது. நவம்பரில் இன்னொன்று. அந்த இரண்டாவதைப் பாடம் செய்து ராட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

செர்னில் நடராசர் சிலை இருப்பது உண்மையா?

உண்மை. 2004-ல் இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது, சுமார் 2 மீட்டர் உயரம். சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் நாம் பார்க்கும் அதே ஆனந்த தாண்டவம். 2016-ல் அந்தச் சிலைக்கு முன்னால் நள்ளிரவில் நரபலி கொடுப்பதுபோல ஒரு வீடியோ பரவியது. உள்ளே நுழைய அனுமதி உள்ள சிலர் விளையாட்டாக எடுத்தது என்று தெரிந்தது, செர்ன் விசாரணை நடத்தியது. இன்றும் அந்த வீடியோவை யாராவது எனக்கு அனுப்பி "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்கிறார்கள்.

பள்ளி மாணவர்களை எப்படிக் கவர்வது?

அவர்களிடம் பேசாமல் இருந்தால் போதும். ஒரு கண்ணாடிப் பெட்டி, மேலே ஆல்கஹாலில் நனைத்த துணி, அடியில் உலர் பனிக்கட்டி, பக்கவாட்டில் டார்ச். விளக்கை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் அடியில் மெல்லிய மூடுபனி படியும். திடீரென்று நூல் இழுத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு ஓடி மறையும். அப்புறம் இன்னொன்று. வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். சில கோடுகள் அண்டக்கதிர் மோதலில் பிறந்த மியூவான் என்ற துகள்கள் போட்டவை. விரித்த உள்ளங்கை வழியாக நிமிடத்துக்கு நூறு போல அவை கடந்து போகின்றன. அதைச் சொன்னதும் எல்லாக் குழந்தையும் கையை நீட்டித் திருப்பிப் பார்க்கும். எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் இது தவறியதில்லை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டிப் பல நிறுவனங்கள் கதவைத் திறந்துவைக்கின்றன, கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இந்த வேலைக்கு எப்படிச் சேர்வது?

ஆய்வு நிறுவனங்களின் இணையதளத்தில் 'அறிவியல் தொடர்பு', 'மக்கள் தொடர்பு அலுவலர்' என்று விளம்பரம் வரும். நிரந்தர இடங்கள் குறைவு, ஒப்பந்த வேலைதான் அதிகம். இரண்டு மொழியில் எழுதிய நான்கு கட்டுரைகள் கையில் இருந்தால் சான்றிதழைவிட அது பேசும்.

ஐன்ஸ்டைன் தவறு என்று நிரூபித்திருக்கிறேன். யாரிடம் அனுப்புவது?

என்னிடம்தான் வரும். உலகில் எந்த இயற்பியல் நிறுவனத்துக்கும் இப்படிக் கடிதங்கள் வருவது உண்டு. விஞ்ஞானிகள் பிரிப்பதில்லை. நான் பிரிப்பேன். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

தென் மாவட்டத்தில் இருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒளியின் வேகம் மாறும் என்று நாற்பது பக்கம் அனுப்பியிருந்தார். முழுவதும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் கிலோமீட்டரும் மைலும் கலந்துபோயிருந்தன. "ஐயா, மூன்றாம் பக்கம் ஆறாவது வரியில் அலகைச் சரிபார்க்க முடியுமா?" என்று எழுதிப் போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. அலகுப் பிழையை ஒத்துக்கொண்டு, நன்றி சொல்லி, திருத்திய பதிப்பு என்று அறுபத்திரண்டு பக்கம்.